பேச்சு எந்த ஊரில் மாறுகிறது? வட்டார வழக்குச் சேகரிப்பில் புதிதாக இறங்குவோருக்கு

தாராபுரத்துப் பக்கம் வழி கேட்டால் "அக்கட்டால போங்க" என்பார்கள். திண்டுக்கல்லைத் தாண்டி மதுரைப் பக்கம் போனால் அதுவே "அங்கிட்டுப் போங்க" ஆகிவிடும். தாராபுரத்திலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் வரை சுமார் 95 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் எந்த ஊரில் ஒன்று நிற்கிறது, எந்த ஊரில் மற்றொன்று தொடங்குகிறது? இரண்டும் கலந்து புழங்கும் ஊர்கள் உண்டா? சொல் மாறுகிற இடத்திலேயே வினைமுற்றும் மாறுகிறதா? வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்ல முடியாது. இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து வாரத்துச் சனி ஞாயிறுகளில் கேட்டறிந்து, பிறகு நிதானமாக எழுதி வரைபடமாகவே போட்டுவிடலாம். அதற்கான வழிமுறை இது. தாராபுரம் - திண்டுக்கல் சாலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ச் சாலைக்கும் இதே முறைதான்.

மொழியியலாளர் கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வுத் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. சென்னை மாகாணம் அந்தக் களப்பணிக்குள் வரவில்லை. ஊர்வாரியான பழைய பதிவுகள் தமிழுக்குக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்பது ஊரில் கவனமாகச் செய்த சிறு சேகரிப்புக்கும் உண்மையான பயன் உண்டு என்று சொல்வது அதனால்தான்.

முதலில் பாதை

மாவட்டம் முழுவதையும் அள்ளப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பாதையை எடுங்கள். அதன் இரு முனையிலும் பேச்சு வேறு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நடுவில் 10 கிலோமீட்டருக்கு ஒரு ஊர், எடுத்துக்காட்டுப் பாதைக்கு மொத்தம் ஒன்பது. எடுத்துக்காட்டுப் பாதையில் தாராபுரம், பழனி, ஆயக்குடி, சத்திரப்பட்டி, விருப்பாட்சி, ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல் என்று பெரிய ஊர்கள் வரிசையாக வரும். இவற்றை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, சாலையிலிருந்து 4, 5 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களைத் தேர்ந்தெடுங்கள். பழனி கோயில் ஊர், எல்லாத் திசைப் பேச்சும் வந்து சேரும். ஒட்டன்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது, இரு பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் அங்கே கூடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களைத் தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் எல்லைக்கோட்டை அவற்றை வைத்து வரையக் கூடாது.

இறங்குமுன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்துவிடுங்கள். 2011 கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு சி-16, இருமொழி மும்மொழி அறிவுக்கு சி-17 என்று தனி அட்டவணைகள் உண்டு. திண்டுக்கல் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தமிழும் அந்த ஊர்த் தமிழ்தான், விட்டுவிட வேண்டாம். வீட்டுமொழி எது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

நிர்வாக எல்லைகள் எப்போது மாறின என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. திருத்தணி 1960-ல்தான் சென்னை மாநிலத்தோடு மீண்டும் சேர்ந்தது. பள்ளி, நீதிமன்றம், பத்திரப் பதிவு எல்லாம் ஐம்பது ஆண்டுகள் வேறு மொழியில் நடந்த ஊரில் அந்தத் தலைமுறையின் பேச்சில் தடம் இருக்கும். இன்றைய மாவட்ட வரைபடத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தடத்துக்குக் காரணம் புரியாது.

என்ன கேட்பது

60 சொற்கள், 15 வாக்கியங்கள். இதற்கு மேல் போனால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும், பெரியவர்கள் களைத்துப்போய் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்துப் பதில்களை நம்ப முடியாது.

ஊருக்கு ஊர் மாறும் என்று தெரிந்த சொற்களைப் போடுங்கள். துடைப்பம் நல்ல சொல். வட மாவட்டங்களில் தொடப்பம், கொங்கில் சீமாறு, மதுரையில் வெளக்கமாறு, நெல்லை குமரியில் வாரியல். ஓணானுக்குக் கொங்கில் ஓடக்கான். தூங்குவது தெற்கே போகப் போக உறங்குவதாகும், யாழ்ப்பாணத்தில் நித்திரை கொள்வதாகும். கொசு இலங்கையில் நுளம்பு. திசைச் சொற்களை மறக்காதீர்கள்: அந்தாண்ட, அங்கிட்டு, அக்கட்ட.

உறவுப்பெயர்களுக்குப் பத்து இடமாவது ஒதுக்குங்கள். அப்பாவைப் பெற்றவளும் அம்மாவைப் பெற்றவளும் தனித்தனிக் கேள்வி. அப்பத்தா, அப்பாயி, அம்மாயி, அம்மாச்சி, ஆயா, ஆச்சி, பாட்டி என்று பதில்கள் வந்து குவியும். இங்கே ஒரு குழி இருக்கிறது. நெல்லையில் ஆச்சி பாட்டி, செட்டிநாட்டில் ஆச்சி அக்கா. சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு ஊரும் ஒன்றே என்று வரைபடம் பொய் சொல்லும். "பேசு" என்பதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் "பேசினவர்" என்றால் திட்டினார் என்றும் பொருள்படும், உரையாடுவதற்கு அங்கே "கதை". ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது யாரை, எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதுவது கட்டாயம்.

சொற்களைவிட விலைமதிப்பானவை விகுதிகள். சொல் சந்தையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும். வினைமுற்று அப்படி எளிதில் மாறுவதில்லை. மரியாதைப் படர்க்கை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலான இடங்களில் வந்தாங்க, இராமநாதபுரம் சிவகங்கையில் வந்தாக, நெல்லையில் வந்தாவ, யாழ்ப்பாணத்தில் வந்தவை. "கொண்டு" என்ற துணைவினை பாத்துக்கிட்டு, பாத்துட்டு, பாத்துக்கினு, பாத்துண்டு, பாத்துக்கொண்டு என்று ஐந்து உருவம் எடுக்கிறது. இவற்றில் பாத்துக்கினு வட மாவட்டத்து வழக்கு, பாத்துண்டு பிராமணர் பேச்சு. உடைமைக்குக் கொங்கின் "என்ற ஊடு" மற்ற இடங்களில் எங்க வீடு, என் வீடு, என்னோட வீடு.

ஒலிக்கு ழகரம் கட்டாயம். மதுரைக்குத் தெற்கே பெரும்பாலும் ளகரமாகும், வடக்கே பழம் பயம் ஆகும், "இழுத்து" "இஸ்து" ஆகும். ஆனால் ஒரே ஆள் "வாழைப்பழம்" என்பதில் ழகரத்தைச் சொல்லி, "கிழவி" என்பதில் சொல்லாமல் விடுவதும் நடக்கும். அதனால் ழகரத்துக்கு ஐந்து சொற்களாவது வேண்டும். ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது. சொல் முதலில் வரும் சகரம் வல்லோசையா, ஸகரம் போன்றதா என்பதையும் நான்கு சொற்களில் பாருங்கள்.

யாரைக் கேட்பது

ஐரோப்பாவின் பழைய மொழி வரைபடக்காரர்கள் ஊரைவிட்டு அசையாத முதிய கிராமத்து ஆண்களைத் தேடித் தேடிப் பதிந்தார்கள். பழைய வடிவம் கிடைத்தது, பெண்களும் இளையவர்களும் பேசியது கிடைக்காமல் போயிற்று. நமக்கு அந்தத் தவறு வேண்டாம். ஊருக்கு நான்கு பேர்: 60 வயதைக் கடந்த பெண் ஒருவர், அதே வயது ஆண் ஒருவர், 30 முதல் 45-க்குள் ஒருவர், 18 முதல் 25-க்குள் ஒருவர். ஒன்பது ஊருக்கு 36 பேர்.

நம் ஊர்களில் வரும் சிக்கல் ஒன்று உண்டு. வயதான பெண்களில் பலர் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். ஐம்பது வருடம் இந்த ஊரில் வாழ்ந்திருந்தாலும் அவர் பேச்சில் பிறந்த ஊர் இருக்கும். "நீங்க பொறந்த ஊரு எது, வாக்கப்பட்டது எப்ப" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். பெண்களில் உள்ளூரிலேயே மணமுடித்தவர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. வாக்கப்பட்டு வந்தவர்களை ஒதுக்க வேண்டாம், தனிக் குறியிட்டுச் சேருங்கள். ஒரு சொல் எல்லையைத் தாண்டி எப்படிப் பரவுகிறது என்பதற்கு அவர்கள்தான் சான்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள். சொல் பரவிய வழி பல இடங்களில் அந்த அம்புக்குறியோடு ஒத்துவரும்.

சாதியைப் பற்றி நேராகப் பேசிவிட வேண்டும். தமிழ்ப் பேச்சு ஊரால் மாறுவதைப் போலவே சமூகத்தாலும் மாறுகிறது, உறவுப்பெயர்களில் அது தெளிவாகத் தெரியும். ஊர்த்தெருவில் நான்கு பேரைக் கேட்டுவிட்டுக் காலனிப் பக்கம் போகாமல் திரும்பினால் நீங்கள் பதிந்தது பாதி ஊர். நான்கில் இருவராவது வேறு தெருவிலிருந்து வரட்டும். டீக்கடையில் நின்று சாதியைக் கேட்காதீர்கள். தெருப்பெயரும் தொழிலும் குறித்தால் போதும், பிறகு உள்ளூரில் நம்பிக்கையான ஒருவரிடம் தெளிவு செய்துகொள்ளலாம். யாருடைய பேச்சையும் கொச்சை என்று உங்கள் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள். அந்தச் சொல்லை எழுதிய கை அடுத்த கேள்வியை வேறு தொனியில் கேட்கும். எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எப்படிக் கேட்பது

வேலை கெடுவதும் சிறப்பதும் இங்கேதான். படித்த பிள்ளைகள் ஒலிவாங்கியோடு வந்து உட்கார்ந்தால் ஊரே பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடும். "விளக்குமாறு", "உறங்கினேன்", "அவர்கள் வந்தார்கள்" என்று திருத்தமாகச் சொல்லுவார்கள். தவறு அவர்களுடையதல்ல. நல்ல தமிழ் என்றால் எழுத்துத் தமிழ் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

முதல் விதி: தேடும் சொல்லை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். "துடைப்பத்தை இங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் "துடைப்பந்தான்" என்று முடித்துவிடுவார்கள். பொருளைக் காட்டுங்கள், இல்லையென்றால் படத்தைக் காட்டுங்கள். ஓணானுக்கும் தட்டானுக்கும் தெளிவான வண்ணப்படம் வேண்டும். பல்லி போலத் தெரியும் படத்தால் பதில்கள் வீணாகும். காட்ட முடியாததற்கு வேலையைச் சொல்லுங்கள்: "காலைல எந்திரிச்சதும் வாசலக் கூட்ட எதை எடுப்பீங்க?"

இரண்டாவது: வாக்கியத்தைப் படித்துக் காட்டி மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள். சூழலைச் சொல்லுங்கள். "ராத்திரி விருந்தாளி வந்து கதவத் தட்டின சத்தம் ஒங்களுக்குக் கேக்கல. விடிஞ்சதும் பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டால், "அவங்க வந்தப்ப நான் தூங்கிக்கிட்டிருந்தேன்" என்ற வகைப் பதில் வரும். ஒரே வாக்கியத்தில் தூங்குவதற்கான சொல், கொண்டு-வின் உருவம், தன்மை விகுதி, "அப்போது" என்பதன் வடிவம் எல்லாம் கிடைத்துவிடும். கேள்வியைக் கவனியுங்கள்: "வந்தாங்க" என்ற சொல் அதில் இல்லை. நீங்கள் "-ஆங்க" என்று முடித்தால் "வந்தாக" என்று சொல்லக்கூடியவரும் உங்களுக்காக "-ஆங்க" என்பார். உங்கள் கேள்வித்தாள் முழுவதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை சலித்தெடுங்கள்.

மூன்றாவது: வழி கேளுங்கள். 1962-ல் அமெரிக்க மொழியியலாளர் லபோவ் நியூயார்க் நகரின் பெரிய கடைகளில், நான்காம் மாடியில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே "அது எங்கே" என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். "ஃபோர்த் ஃப்ளோர்" (நான்காம் மாடி) என்ற ஆங்கிலப் பதிலில் அவருக்கு வேண்டிய ரகர ஒலி தானாக வந்தது. நமக்கு அது திசைச் சொல்லுக்கு உதவும். ஊருக்குள் நுழையும்போதே ஐந்து பேரிடம் அடுத்த ஊருக்கு வழி கேட்டால் அக்கட்டயும் அங்கிட்டும் இயல்பாக வந்துவிழும். இதை ஒலிப்பதிவு செய்யக் கூடாது. நகர்ந்த பிறகு கையால் குறித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் படிவம் அனுப்பி முடித்துவிடலாமே என்று தோன்றும். ஜெர்மனியின் மொழி வரைபடக்காரர் வெங்கர் 1876-ல் தொடங்கி அஞ்சல் வழியே பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கியங்கள் அனுப்பினார், அவை பின்பு 40 வாக்கியங்களாக நிலைபெற்றன. 40,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து பதில் வந்தது. ஆனால் ஆசிரியர்கள் வழக்கமான எழுத்தில் எழுதியதால் நுண்ணிய ஒலி வேறுபாடுகள் பதிவாகவில்லை. பிரான்சில் இதே வேலைக்கு ஜில்லியரோன் என்பவர், கூர்ந்த செவியுடைய எட்மோனை 639 ஊர்களுக்கு நேரில் அனுப்பினார். ஊர்கள் குறைவு, ஒலி துல்லியம். படிவம் முன்னோட்டத்துக்கு உதவும், எந்தச் சொற்கள் மாறுகின்றன என்று தெரிந்துகொள்ளலாம். ஒலிக்கும் விகுதிக்கும் காலால் நடந்தே ஆக வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் பதிவை நிறுத்தாமல் பத்து நிமிடம் பேசவிடுங்கள். கிணறு வெட்டியது, நோம்பிக்குச் செய்யும் பலகாரம், சிறுவயதில் விளையாடியது. பட்டியலில் "வந்தார்கள்" என்றவரே இங்கே "வந்தாங்க" என்பார். இரண்டும் முரண்பட்டால் பேச்சில் வந்ததையே எடுங்கள்.

குறுக்கே வருபவர்கள் இருப்பார்கள். பாட்டி பதில் சொல்லுமுன் பேரன் சொல்வான், அல்லது "அப்படிச் சொல்லாத ஆத்தா, சரியாச் சொல்லு" என்பான். அவனை அதட்ட வேண்டாம். இரண்டாமவர் அவனைத் தனியே உட்காரவைத்து அவனுடைய பதில்களைப் பதியட்டும், இளையவர் கணக்கில் ஒருவர் சேர்ந்துவிடுவார். இருவராகப் போகச் சொல்வது இதற்கும்தான்.

பதிவு

கைபேசியே போதும், கூட ஒரு காலர் மைக். வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்துங்கள். மேலே குத்தினால் பகரம் மூச்சோடு வெடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் இரைச்சல் காதுக்குப் பழகிவிடும், பதிவில் ழகரத்தையும் ளகரத்தையும் பிரிக்க விடாது. கோப்பு வேவ் வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 மெகாபைட் ஆகும், 36 பேருக்கு 32 ஜிபி அட்டை தாராளம். வாட்ஸாப் குரல்பதிவாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், சுருக்கும்போது கூர்மையான ஒலிகள் மங்கிவிடும்.

தொடங்குமுன் எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லி, ஒப்புதலைக் குரலிலேயே வாங்குங்கள். கையெழுத்துக் கேட்டால் கிராமத்தில் நிலப்பத்திரம் நினைவுக்கு வந்து பயப்படுவார்கள். பெயரைக் கோப்பில் போடாதீர்கள். ஊர் எண், ஆள் எண், வயது, ஆண் அல்லது பெண் என்று "04-2-67-பெ" போல ஒரு குறியீடு போதும்.

எழுதுதல்

ஒரு மணி நேரப் பதிவை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலான் (ELAN) என்ற இலவச மென்பொருளில் ஒலிக்குக் கீழேயே எழுதலாம். சந்தேகமான ஒலிகளைப் பிராட் (Praat) மென்பொருளில் அலைவடிவமாகப் பார்க்கலாம்.

கேட்டபடி எழுதுங்கள். கை தானாகத் திருத்தும், அதுதான் இந்தக் கட்டத்தின் ஆபத்து. "எல" என்று கேட்டதை "இலை" என்றும், "ஒலகம்" என்று கேட்டதை "உலகம்" என்றும் எழுதிவிடுவோம். தமிழ் எழுத்து சிலவற்றைக் காட்டாது: "வந்தான்" என்பதன் கடைசி னகரம் மறைந்து உயிர் மூக்கொலியாக ஒலிப்பது, "பகல்" என்பதில் ககரம் ஹகரம் போல மெலிவது. மூக்கொலிக்கு அலைக்கோடு, மெலிந்த ககரத்துக்கு ஹ என்று உங்களுக்குள் ஒரு குறிப்பட்டியல் வைத்து, அதை முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இருவரும் தனித்தனியே ஐந்து நிமிடப் பதிவை எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் இடங்களில் மீண்டும் கேளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், எழுதுபவர் மாறிய இடத்தில் ஒலி மாறியதாக வரைபடம் காட்டும்.

அரிதான சொல் வந்தால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். யாழ்ப்பாணம், நாஞ்சில் நாடு, திருநெல்வேலி வழக்குகளுக்குத் தனிச் சுருக்கக்குறிகள் அதில் உண்டு. கொங்கு, கரிசல், நாஞ்சில் வட்டாரங்களுக்குத் தனி அகராதிகளும் அச்சில் வந்திருக்கின்றன. உங்கள் சொல் அங்கே இல்லையென்றால் அது தவறான சொல் ஆகிவிடாது, இன்னும் யாரும் பதியாத சொல்லாக இருக்கலாம். அப்படிப்பட்டதை இரண்டாவது ஆளிடம் உறுதிசெய்யுங்கள்.

கோடு போடுதல்

முதலில் தாளும் வண்ணப் பேனாவும். ஒரு சொல்லுக்கு ஒரு தாள். ஊர்களைப் புள்ளியாக வைத்து, சீமாறுக்கு வட்டம், வெளக்கமாறுக்கு முக்கோணம் என்று குறியிடுங்கள். நால்வரில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்: 4/4, 3/4, 2/4. ஒரே ஒருவர் சொன்னதை வைத்துக் கோடு போடாதீர்கள். 2/4 வந்த ஊர்கள்தான் கலப்பு ஊர்கள், அங்கே கோட்டுக்குப் பதில் பட்டையாக நிழல் தீட்டுங்கள்.

பத்துப் பதினைந்து தாள்கள் ஆனதும் சன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒரே இடத்தில் வராது. புதிதாகச் செய்பவர்கள் இங்கே மனம் தளர்ந்துபோகிறார்கள், கணக்கு தவறிவிட்டது என்று நினைக்கிறார்கள். தவறவில்லை. ஒவ்வொரு சொல்லும் தன் போக்கில் பயணித்திருக்கிறது. பல கோடுகள் நெருங்கி ஓடும் இடம் ஒன்று தென்பட்டால் அதுதான் பேச்சு எல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தேடுங்கள்: மலை, ஆறு, பழைய நாட்டு எல்லை, பெண் கொடுக்கும் வழக்கம் நின்றுபோகும் இடம், சந்தைக்குப் போகும் திசை மாறும் இடம். சொற்கோடுகளையும் விகுதிக்கோடுகளையும் வேறு நிறத்தில் வரையுங்கள். விகுதி ஒரு ஊரோடு நின்று, சொல் மூன்று ஊர் தாண்டியிருந்தால் சொல் அண்மையில் பரவியது என்று ஊகிக்கலாம்.

வயதைப் படிப்பதில் நிதானம் வேண்டும். பாட்டி சீமாறு என்றும் பேத்தி துடைப்பம் என்றும் சொன்னால் சொல் மாறிவருகிறது என்று கொள்ளலாம். ஆனால் இளையவருக்குக் கவலை ஏற்றத்தின் (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பின்) உறுப்புகள் தெரியாவிட்டால் அங்கே மறைந்தது பொருள். மோட்டார் வந்ததும் அந்த உறுப்புகளே ஊரில் இல்லை. இதை வழக்கு மாற்றத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள். உறவுப்பெயர்களில் வேறொன்று நடக்கும்: இருபது வயதில் ஆன்ட்டி என்று சொன்னவர், தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சித்தி, அத்தை என்று திரும்புவதும் உண்டு.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டாவது பயணம் ஒன்று வையுங்கள். சந்தேகமான பத்துக் கேள்விகளோடு, கோடுகள் நெருங்கும் மூன்று ஊர்களுக்கு மட்டும். அந்த ஊர்களுக்கு இடையில் விட்டுப்போன ஓரிரு கிராமங்களையும் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள், 10 கிலோமீட்டர் இடைவெளி 5 அல்லது 3 கிலோமீட்டராகக் குறையும். போகும்போது முதல்முறை பேசியவர்களின் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு அவர்கள் வீட்டில் கொடுங்கள். போட்டுக் காட்டும்போது பதிவுக் கருவியையும் ஓடவிடலாமா என்று அனுமதி கேளுங்கள். தங்கள் குரலைக் கேட்டதும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, 75 கேள்விகளில் கிடைக்காததைத் தரும்.